அழைப்பிதழில் என்னைச் சித்தி ஆக்கிய மகனுக்கு

தம்பி,

எல்லாரும் நலம் என்று எழுதித்தான் இந்த மாதிரிக் கடிதத்தைத் தொடங்குவார்கள். எனக்கு அது வரவில்லை. நான் கோபமாக இருக்கிறேன். மூன்று நாளாகச் சோறு சரியாக இறங்கவில்லை. தட்டைப் பார்த்தாலே உன் ஞாபகம் வந்து எரிச்சலாக இருக்கிறது. போனில் பேசலாம்தான். பேசினால் நீ "சரிமா, சரிமா, மீட்டிங் இருக்குமா" என்று சொல்லி வைத்துவிடுவாய், நானும் பாதியில் அழுதுவிடுவேன், அழுததற்காகவே நீ என்னைச் சமாதானம் செய்வாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். இதை ஒரு பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். பயப்படாதே. உன் பெயரும் என் பெயரும் இதில் இருக்காது, நாம் இருந்த ரப்பர்த் தோட்டத்தின் பெயரும் இருக்காது. பேராக் மாநிலத்தில் நம் கதையை ஒத்த வீடு எத்தனையோ இருக்கிறது. படிக்கிறவர்கள் அடுத்த வீட்டுக் கதை என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன புதன்கிழமை மத்தியானம் உன் அழைப்பிதழ் என் போனுக்கு வந்தது. நான் வேலை செய்கிற கச்சாங் பூத்தே நொறுக்குத்தீனிக் கொட்டகையில் அப்போதுதான் முறுக்குப் பொட்டலங்களை ஒட்டி முடித்துக் கை கழுவியிருந்தோம். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். பக்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற மல்லிகாவிடம் போனை நீட்டி வாசிக்கச் சொன்னேன். அவள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். மணமகன் என்று உன் பெயர் வந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. அடுத்த வரியில், இன்னாருடைய குமாரன் என்று பெரியப்பா பெயரும் பெரியம்மாவான என் அக்கா பெயரும் வந்தன. கீழே, நல்வரவை விரும்பும் உறவினர் என்று ஒரு பட்டியல். அதில் மூன்றாவதாக என் பெயர், பக்கத்திலேயே சித்தி. மல்லிகா நிமிர்ந்து, "யாரு கல்யாணம்கா? உங்க அக்கா மவனா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். "மாப்ள பேரு நல்லாருக்குலா" என்றாள். அந்தப் பெயரை வைத்தது நான். அதற்கும் "ஆமா" என்றுதான் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் வரை நான் ஒட்டிய பொட்டலங்களில் பாதிக்குள் ஒன்றுமே இல்லை என்று முதலாளி சத்தம் போட்டார்.

அழைப்பிதழுக்குக் கீழே நீ எழுதியிருந்ததை வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் படித்தேன். "மா, பொண்ணோட அப்பா என் ஐசி, பொறப்பு சூராட் எல்லாம் பாத்துட்டாரு. அதுல இருக்கிற மாதிரியே போட்டுட்டேன். மனசுல வச்சிக்காதீங்க. நமக்குள்ள தெரியும்லா, அது போதும்." நமக்குள்ள தெரியும். முப்பத்தொரு வருஷமாக நமக்குள் மட்டும்தானே தெரியும்? ஊருக்கும் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வரியில் தெரிந்தால் உனக்கு எங்கே குடை சாய்ந்துவிடும்? இந்தக் கேள்வியைத்தான் மூன்று நாளாக அடுப்படியில் நின்று தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு அது மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது. அக்கா பிறந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற ஒரு டிரசர் இருந்தார், அவர் பிறப்பை எழுதிக் கொடுத்தார், அவளுக்குப் பிறப்புச் சூராட் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து நான் பிறந்தபோது அவர் மாற்றலாகிப் போயிருந்தார். பிறகு பதிந்துகொள்ளலாம் என்று என் அப்பா இருந்துவிட்டார். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு டவுனுக்குப் போவது அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டுகிறவர்களுக்குச் சின்ன விஷயமில்லை. அந்தப் பிறகு வரவே இல்லை. பன்னிரண்டு வயதில் அக்கா ஐசி என்கிற அடையாளக் கார்டு எடுத்தாள், நான் எடுக்க முடியவில்லை. அவ்வளவுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம். ஒரே வயிறு, ஒரே லயத்து வீடு, ஒரே தமிழ்ப்பள்ளி. அவள் இந்த நாட்டுக்காரி, நான் எந்த நாட்டுக்காரியும் இல்லை.

நீ வயிற்றில் இருந்தபோது என் பயமெல்லாம் பிரசவத்தைப் பற்றியது இல்லை. கார்டு இல்லாத தாய், பதியாமல் கோயிலில் மட்டும் தாலி கட்டிய கல்யாணம், பிள்ளை பிறந்தால் சூராட்டில் இந்த நாட்டுக்காரன் இல்லை என்றுதான் எழுதுவார்கள் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் வரிசையிலேயே அப்படி எழுதப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பெற்றவர்கள் நாயாய் அலைந்தார்கள். அதனால் நான் அக்காவின் ஐசியை எடுத்துக்கொண்டு பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரியப்பாதான் கொண்டுபோய்ச் சேர்த்தார், கணவன் என்று அவர்தான் கையெழுத்துப் போட்டார். உன் அப்பா கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். படத்தில் அக்காவும் நானும் ஒரே சாடை, எண்ணெய் வைத்து வாரிய அதே தலை. யாரும் சந்தேகப்படவில்லை. நர்ஸ் மிஸ்ஸி வந்து அக்கா பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டாள். வலியில் கிடந்த எனக்கு அது என்னைத்தான் என்று உறைக்கவே இல்லை. நான்காவது முறை "நாந்தான் மிஸ்ஸி" என்று கத்தினேன். அங்கே லயத்தில் அக்கா பத்து நாள் வாசல்படி தாண்டவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுக் கிடக்கிறவள் பால்வாளியோடு நடந்து போனால் தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி என்ன நினைப்பார்? உன்னைத் தூக்கிக்கொண்டு நான் வந்ததும் அவள் முதலில் சொன்னது, "ஏண்டி, நீ பெத்துக்கிட்டு வர்றதுக்குள்ள எனக்குக் கை காலு மரத்துப் போச்சுடி." எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீலக் கார்டுக்காரப் பிள்ளை, இந்த நாட்டுக்காரன் பிறந்துவிட்டான் என்று உன் அப்பா லயம் முழுக்கச் சீனி கொடுத்தார். நாங்கள் என்ன செய்துவிட்டோம் என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை.

என் தப்பையும் எழுதிவிடுகிறேன். உனக்குப் பன்னிரண்டு வயதானபோது ஐசி எடுக்கப் பெரியம்மாவோடு அனுப்பினேன். ஒரு வாரம் முன்பிருந்தே உன்னை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். அம்மா பேரு என்ன? பெரியம்மா பெயரைச் சொல்லு. அப்பா பேரு என்ன? பெரியப்பா பெயரைச் சொல்லு. நீ இரண்டு தடவை என் பெயரைச் சொன்னாய். மூன்றாவது தடவை உன் கன்னத்தில் அறைந்தேன். அதற்குப் பிறகு நீ தப்பே செய்யவில்லை. கார்டை வாங்கிக்கொண்டு நீ ஓடி வந்தபோது நான் கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மரத்தடியில் நின்றிருந்தேன், உள்ளே வர எனக்குத் தைரியமில்லை. உன் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் என் கை கூசுகிறது. ஒரு பிள்ளை தன் அம்மா பெயரைச் சொன்னதற்காக அடித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் எங்கள் லயத்திலேயே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

உன் அப்பா லாரியில் போய் அடிபட்டுச் செத்தபோது உனக்குப் பத்தொன்பது வயது. பிணவறை ஆபீசில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்து நீங்கள் யார் என்று மலாயில் கேட்டார். மனைவி என்றேன். ஐசி கேட்டார், கல்யாணப் பத்திரம் கேட்டார். இரண்டும் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, அவர் முன்னால் இருந்த தாளில் என்ன கேட்டிருந்ததோ அதைத்தான் கேட்டார். பிறகு உன்னைப் பார்த்தார். நீ உன் கார்டை எடுத்து நீட்டிவிட்டு, "அனாக் சவுடாரா" என்றாய், உறவுக்காரப் பிள்ளை என்று. பெற்ற தகப்பன் உள்ளே கிடக்கிறான், நீ உறவுக்காரப் பிள்ளை. கடைசியில் பெரியப்பா கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தோம். கொள்ளி வைத்தது நீதான். சுடுகாட்டில் யாரும் ஐசி கேட்கவில்லை. அன்றைக்கு நீ சொன்னதற்கு நான் உன்னைக் கோபிக்கவில்லை. கார்டு என்ன சொல்கிறதோ அதைச் சொன்னாய், வேறு வழி இல்லை. இன்றைக்கு வேறு வழி இருக்கிறது. அதனால்தான் இன்றைக்குக் கோபம்.

போன தீபாவளிக்கு நீ வந்தபோது சொன்னதை மறந்துவிட்டாயா? உன் கம்பெனி கட்டடங்களின் வாசலில் பொருத்துகிற மெஷின்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். "இனிமே கார்டுகூட வேணாம்மா. மூஞ்சியக் காட்டினா போதும், ஆளு யாருன்னு அதுவே சொல்லிரும். கிளினிக்கு, பேங்கு, பஸ்ஸு, எல்லாத்துக்கும் கட்டாயமாக்கிறணும்லா. தப்பு பண்ணாதவங்களுக்கு என்னா பயம்?" கோழிக்கறியைப் பிசைந்துகொண்டே சொன்னாய். நான் ரசம் ஊற்றினேன். அந்தக் கரண்டியை உன் தலையில் போட்டிருக்க வேண்டும். தப்பு பண்ணாதவங்களுக்கு என்ன பயமாம். தப்பு பண்ணித்தானடா உன்னைப் பெற்றேன். என் முகத்தைக் காட்டினால் உன் மெஷின் என்ன சொல்லும்? உன் முகத்தைக் காட்டினால் நீ யார் பிள்ளை என்று சொல்லும்? நீயே பொருத்திவிட்டு வருகிற வாசலில் உன் அம்மா வெளியே நிற்பாள், அது உனக்குத் தோன்றவே இல்லையா?

அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னாய், அதுதான் என்னை அதிகம் குத்தியது. "நீங்க ஒழுங்கா அலைஞ்சிருந்தா எப்பவோ கெடச்சிருக்கும்மா. நீங்கதான் விட்டுட்டீங்க." நான் விட்டது உண்மை. ஏன் விட்டேன் என்று உனக்குச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். கார்டு இல்லாத நம் ஆட்களுக்கு உதவுகிற ஒரு அம்மாள் என்னைப் பதிவு ஆபீசுக்குப் பலமுறை அழைத்துப் போனார். தோட்டத்திலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். தோட்டம் எங்கே இருக்கிறது? மரத்தை வெட்டித் தாமான் வீடுகள் கட்டிவிட்டார்கள், நான் பிறந்த லயம் இருந்த இடத்தில் இன்றைக்குக் கார் கழுவுகிறார்கள். பிரசவம் பார்த்தவரைச் சாட்சிக்குக் கூட்டி வா என்றார்கள். அவர் செத்துப் பல வருஷம் ஆகிறது. எல்லாம் முடிந்து கடைசியில் அக்காவை வைத்து நிரூபிக்கலாம், அவளுக்கும் எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு வழி வந்தது. அந்த அம்மாளுக்கு அவ்வளவு சந்தோஷம். பாரத்தை நீட்டினார்கள். அக்காவின் பிள்ளைகள் யார் யார், அவர்களுடைய சூராட்டைக் கொண்டு வா என்று ஒரு பக்கம். என் பிள்ளைகள் எத்தனை என்று இன்னொரு பக்கத்தில் ஒரு கட்டம். நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று என்று எழுதினால் உன் கார்டு போய்விடும். நீ அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். சைபர் போட்டேன். எனக்குப் பிள்ளையே இல்லை என்று என் கையாலேயே எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து வெளியே வந்தேன். உன் ரத்தத்தையும் கேட்டுவிடுவார்கள் என்று பயந்து, ரத்தம் கொடுக்க வரச் சொன்ன நாளில் நான் போகவில்லை, அக்காவையும் போக விடவில்லை. அந்த அம்மாள் என்னைத் திட்டினார், இத்தனை பாடுபட்டும் இந்த ஜனங்களுக்கு அக்கறையில்லை என்றார். திட்டட்டும் என்று வாங்கிக்கொண்டேன். நீயும் அதையேதான் சொன்னாய், ரசத்தைக் குடித்துக்கொண்டு.

எனக்கு நாளைக்கே நீலக் கார்டைக் கொண்டுவந்து கையில் வைத்தாலும் நான் இதைத்தான் சொல்வேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கார்டு வேண்டியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அது இல்லாமல் வெளியே காலடி வைத்தால் குற்றம் என்று சொல்ல எவனுக்கு என்ன உரிமை? கட்டாயம் என்று சொல்கிறவன் கொடுக்கவும் மாட்டான், இல்லாவிட்டால் விடவும் மாட்டான். சாலையில் நிறுத்திக் கேட்கிறான், காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனால் கேட்கிறான், என் போன்கூட அக்கா பெயரில்தான் ஓடுகிறது. நான் பிறந்த ஊரில் ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒளிந்து வாழ்கிறேன், யாரையும் கொன்றுவிட்டு ஒளியவில்லை. இந்தக் கட்டாயம்தான் எங்களைப் பொய் சொல்ல வைத்தது. பொய் சொன்னதும் அதே கட்டாயம் அந்தப் பொய்யை உண்மை ஆக்கிவிட்டது. இப்போது அது என் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வரை வந்து நிற்கிறது, வாசலைத் திறந்துவிட்டது நீ. அதிகாரி யாரும் உன்னைக் கேட்கவில்லை. கோயில் கல்யாணத்துக்கு அழைப்பிதழில் என்ன போடுவது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நீயாகப் போய்ப் போட்டிருக்கிறாய்.

நேற்று அக்கா வந்திருந்தாள். அழைப்பிதழை அவளுக்கும் அனுப்பியிருக்கிறாய். "இவனுக்கு அறிவு இருக்காடி? எனக்கு எதுக்கு இந்தப் பேரு? நான் கார்டுதானே குடுத்தேன், புள்ளய எப்ப எடுத்தேன்?" என்று கத்தினாள். நான் அழுததைப் பார்த்து இன்னும் கத்தினாள். பிறகு உட்கார்ந்து இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம். பெரியப்பாவும் அதையேதான் சொன்னாராம், ஆனால் உன்னிடம் சொல்லத் தயங்குகிறாராம். மண்டபத்தில் பாத பூஜைக்கு யார் நிற்பது என்று அவளிடம் கேட்டேன். "நீ போயி நில்லுடி. நான் மொத வரிசையில ஒக்காந்து அழுதுக்கிறேன்" என்றாள்.

உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெண்ணின் அப்பா தைப்பிங்கில் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லாத் தாளையும் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறவர். விஷயம் தெரிந்தால் கல்யாணம் நிற்கலாம். அவர் எங்காவது போய் எழுதிக் கொடுத்தால் உன் கார்டுக்கே ஆபத்து வரலாம். இதெல்லாம் நான் நினைத்துப் பார்க்காமலா முப்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்? ஆனால் அழைப்பிதழைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. நான் இத்தனை நாள் உன் கார்டைத்தான் காப்பாற்றியிருக்கிறேன், உன்னைக் காப்பாற்றவில்லை. ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டால் கேள். அந்தப் பெண்ணிடம் இந்த வாரமே சொல்லிவிடு. அவள் கட்டிக்கொள்ளப் போவது உன்னை. நாளைக்கு அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அதை என் மடியில் போடும்போது யாரிடம் கொடுக்கிறோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் கேட்டுவிட்டு ஓடிப் போனால் போகட்டும், அழுதுவிட்டு எழுந்து வேலைக்குப் போ. ஓடாவிட்டால் அவளே தன் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொள்வாள், அது உன்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நீ சொல்லாவிட்டாலும் நான் கல்யாணத்துக்கு வருவேன். சித்திக்கு என்று ஒதுக்கியிருக்கிற நாற்காலியில் உட்கார மாட்டேன். மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் வாங்க என்று ஐயர் கூப்பிடும்போது நான்தான் எழுந்து வருவேன். தாலி அறுத்தவள் நிற்கலாமா என்று யாராவது முணுமுணுத்தால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்தில் உன் அப்பாவின் இடத்தில் யாரும் நிற்க வேண்டாம், காலியாகவே இருக்கட்டும். தாம்பாளத்தில் என் காலை வைப்பேன். சம்பந்தி எழுந்து இவர்கள் யார் என்று கேட்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன், அக்காவும் திறக்க மாட்டாள். மண்டபம் முழுக்க உன் முகத்தைப் பார்க்கும். நீதான் சொல்ல வேண்டும்.

அம்மா